நாலாவது டிரம்

அந்தப் பையைக் காலால் தள்ளிவிடாதீங்க டீச்சர். தள்ளினாலும் ஒன்றும் ஆகாது, சேலைத் துணியில் மூன்று சுற்றுச் சுற்றித்தான் வைத்திருக்கிறேன். இருந்தாலும் தள்ளாதீங்க.

டீச்சர் இல்லையா? குடையை மடியில் வைத்திருக்கிற விதத்தைப் பார்த்து நினைத்தேன். முகமும் டீச்சர் முகம்தான். பரவாயில்லை, நான் டீச்சர் என்றே கூப்பிடுகிறேன். பேரைக் கேட்டு வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. பேரைக் கேட்டால் ஊரைக் கேட்கணும், ஊரைக் கேட்டால் வம்பு வரும். நான் வம்புக்குப் போகாதவள்.

நாகர்கோவில் வரைக்குமா? நானும் அங்கேதான். நல்லதாய்ப் போயிற்று. பைக்குள்ளே என்ன என்று நீங்க கேட்கவே இல்லை, பார்த்தீங்களா? படித்தவங்க கேட்க மாட்டாங்க. நான் ஏழாம் கிளாஸில் நின்றவள். என் தம்பி பிறந்தான், அவனைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆள் வேணும் என்று அம்மா நிறுத்திவிட்டாள். அதனால் எனக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது, சொல்லாமலும் இருக்க முடியாது.

பன்றிச் சாப்பாடு. சிரிக்காதீங்க. ஒரு பாட்டில் பன்றிச் சாப்பாடு. மூடிக்கு மேலே குறுக்காக ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, அதில் இரண்டு கையெழுத்து. ஒன்று கால்நடை டாக்டர் போட்டது. இன்னொன்று எஸ்.ஐ. போட்டது. ஆமாம், போலீஸ் எஸ்.ஐ. என் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பன்றிச் சாப்பாட்டுக்கு எஸ்.ஐ. நின்றுகொண்டே போட்டுக் கொடுக்கிறார்.

இதை ஆய்வுக்கூடத்தில் கொடுக்கணும். அவங்க பார்த்துவிட்டு, 'இது பன்றித் தீவனம்தான், சாராயம் காய்ச்சுகிற சரக்கு இல்லை' என்று ஒரு தாளில் எழுதித் தருவாங்க. டாக்டர்ப் பிள்ளை போனில் சொல்லி வைத்திருக்கிறது. அந்தத் தாளைச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஸ்டேஷனில் கொடுத்தால் எங்கள் டிரம்மெல்லாம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். கொடுக்காவிட்டால் ஏழு டிரம்மையும் ஓடையில் கவிழ்த்துவிட்டு என் வீட்டுக்காரர் பேரில் கேஸ் எழுதுவாங்க. வீட்டில் ஒரு தாய்ப்பன்றி, பதினொரு குட்டி. நேற்று வாழைத்தண்டு வெட்டிப் போட்டேன். தின்றுவிட்டு என்னைப் பார்க்கிறது டீச்சர், ஒரு பார்வை. ஓடையில் கொட்டிவிட்டால் அதுகளுக்கு வேறே தீனியே கிடையாது. தோண்டின கிழங்கு முழுக்க டிரம்மில்தான் இருக்கிறது.

சீட்டுக் கிழியாமல் போய்ச் சேரணும். அவ்வளவுதான் என் வேலை. கிழிந்தால் செல்லாது என்று எஸ்.ஐ. கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இத்தனைக்கும் காரணம் யார் என்று நினைக்கிறீங்க? என் நாத்தனார் பிலோமி. என் வீட்டுக்காரரின் தங்கை. எங்கள் விளைக்கு அடுத்த தோட்டம்தான் அவளுக்கு. ஒரு கல்லெறி தூரம். எறிந்ததில்லை, சொல்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். இப்போதுதானே வேர்க்கிளம்பி தாண்டியிருக்கிறோம்.

எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் மரச்சீனி உண்டு, பாதி வீட்டில் பன்றி உண்டு. மரச்சீனி தோண்டினால் ஒரேயடியாய்த் தோண்டணும். தோண்டி இரண்டு நாள் போட்டால் உள்ளே நீலம் பாய்ந்துவிடும். கசப்புக் கிழங்கைப் பன்றிக்குப் பச்சையாகவும் போட முடியாது, விஷம். அதனால் தினமும் வட்டளத்தில் வேகவைத்துப் போடுகிறதுதான் வழக்கம். ரப்பர் விறகு புகை கண்ணைப் பிடுங்கும். ஒரு மணி நேரத்தில் வேக வேண்டிய கிழங்கு எனக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆகும். நான் மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறதால்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். சேசையன் என்று பேர். ரப்பர் பால் வெட்டுகிறவர். அவருக்குக் கிழங்கைப் பற்றி என்ன தெரியும்?

போன வருஷம் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்தது. கௌசல்யா என்று பேர், சேலம் பக்கத்துப் பிள்ளை. மரச்சீனியை மரவள்ளி என்று சொல்லும். கோயில் ஹாலில் எங்களையெல்லாம் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தது. கிழங்கைச் சீவணும், ஒரு நாள் வெயிலில் வாட்டணும், உப்பும் தவிடும் கலந்து டிரம்மில் போட்டு ஏறி மிதிக்கணும். காற்றே இருக்கக் கூடாது. வாயைக் கட்டி இருபத்தொரு நாள் வைத்தால் புளித்துவிடும். விஷம் போய்விடும், விறகு வேண்டாம், ஆறு மாசம் கெடாது. ஒரே ஒரு விஷயம், இருபத்தொரு நாளும் திறக்கவே கூடாது.

நான் கையைத் தூக்கினேன். "டாக்டரம்மா, தெறந்து பாக்காம அது கெட்டுப்போச்சா இல்லியான்னு எப்பிடித் தெரியும்?"

அந்தப் பிள்ளை சிரித்தது. "திறக்காம இருந்தா கெடாதும்மா."

இது ஒரு பதிலா, சொல்லுங்க? பார்க்காமல் நம்பு என்றால் அது கோயிலில் சொல்ல வேண்டியது. அதைத்தான் கோயில் ஹாலில் வைத்துச் சொன்னது போல.

அந்தத் தீனிக்கு அந்தப் பிள்ளை ஒரு பேர் வைத்திருந்தது. ஊறுகாய்த் தீவனம். சர்க்காரில் வைத்த பேராம். பேர் வைத்தவர்கள் எந்தப் பன்றியிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். மறுநாளே பிலோமி எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்கிறாள்: "மயினி, பன்னிக்கு ஊறுகா போட்டாச்சா? அப்பளமும் ரெண்டு பொரிச்சு வச்சிருங்க, பாவம், வாயி நமநமன்னு இருக்கும்லா." அவளும் அதே ஊறுகாயைத்தான் போட்டிருந்தாள். ஆனால் ஊர் அவளை ஒன்றும் சொல்லாது. மீன் விற்கிறவன் என்னைப் பார்த்து, "ஊறுகா வீட்டம்மா, சாளை வேணுமா?" என்கிறான்.

எனக்கு வெப்ராளமாய்ப் போயிற்று. யோசித்தேன். ஊற வைக்கிறோம், அப்படியென்றால் ஊறல். மரியாதையான பேர், ஒருத்தரும் சிரிக்க முடியாது. அன்றைக்கு முதல் நான் ஊறல் என்றே சொன்னேன். ரேஷன் கடையில் சொன்னேன். பூசை முடிந்து வெளியே வரும்போது சொன்னேன். "எங்க வீட்டுல இப்போ ஊறல் போட்டிருக்கு, அதனால விறகு வேண்டாம்." பலசரக்குக் கடைக்காரர் மட்டும் இருமினார். ஏன் இருமினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் பேப்பர் படிக்கிறவள் இல்லை. சாராயத்துக்குப் போட்டு வைக்கிறதை எங்கள் பக்கத்தில் கோடா என்போம். வடக்கே அதற்குப் பேர் ஊறல் என்று எவள் கண்டாள்?

முதல் தடவை ஒரே ஒரு டிரம்தான் போட்டேன். ரப்பர் ஆசிட் வருகிற நீல டிரம், ஏழு தண்ணி ஊற்றிக் கழுவினது. அதற்குப் பக்கத்தில் நடக்கும்போதெல்லாம் உள்ளே என்னவோ குமுகுமு என்று சத்தம். இரண்டாம் நாள் லேசாகத் திறந்து பார்த்தேன். லேசாக என்றால் ஒரு விரல் அளவு. அப்புறம் நாலாம் நாள். அப்புறம் ஒரு மழை பெய்ததே, அன்றைக்கு. மொத்தமே பதினொரு தடவைதான், அதிலும் நன்றாகத் திறந்தது மூன்று தடவைதான்.

இருபத்தொன்றாம் நாள் திறந்தால், மேலே கறுப்பாகக் கம்பளி விரித்த மாதிரிப் பூசணம். எலி செத்த வாடை. தொட்டியில் போட்டேன். டீச்சர், எங்கள் பன்றி எதைத் தின்னாது? அது முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ச் சுவரோடு நின்றது. என் வாழ்க்கையில் யார் யாரோ என் சமையலைக் குறை சொல்லியிருக்கிறார்கள். பன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

பிலோமியின் டிரம் எப்படி இருந்தது தெரியுமா? இளமஞ்சளாய், தோசை மாவு புளித்த வாசனையில். கிறிஸ்மஸுக்கு அவள் பன்றி கொழுத்து உருண்டு நின்றது. என்னுடையது நோன்பிருந்த மாதிரி. காரணம் எனக்குத் தெரியும். ஏழாம் நாள் அவள் வந்து என் டிரம்முக்கு முன்னால் நின்று, "நல்ல டிரம்மு மயினி" என்று சொன்னாள். அவ்வளவுதான். கல்லும் வெடிக்கிற கண் அவளுக்கு.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கண்ணைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "எத்தற மட்டம் தெறந்த?" என்றார், எத்தனை தடவை என்று.

"தெறக்கல்ல."

"ஞானப்பூ."

"ஒரு விரலு."

அவர் பூசணத்தைக் கம்பால் கிண்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ செத்தா ஒனக்க பெட்டியில நாலு ஆணி கூட அடிக்கச் சொல்லணும். இல்லேன்னா குழிக்குள்ள இருந்து மூடியத் தெறந்து, மண்ணு செரியாட்டுப் போட்டாவளான்னு பாப்ப."

பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா இது? கோழி அடைகாக்க வைத்தபோதும் இப்படித்தான். பதினொரு முட்டையில் இரண்டு குஞ்சுதான் பொரித்தது என்றால், அது கோழியின் குற்றம். நான் முட்டையை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தது தப்பாம்.

இது தக்கலையா? ஆள் ஏறட்டும். இங்கே ஆள் இருக்கிறது தம்பி, பையைத் தூக்கி வைத்திருக்கிறேன். பை எனக்கு ஆள் மாதிரித்தான்.

இந்த வருஷம் நாலு டிரம். கிழங்கு நல்ல விளைச்சல், மொத்தத்தையும் சீவிப் போட்டாயிற்று. வாயில் பிளாஸ்டிக்கை விரித்து, பழைய சைக்கிள் டியூபால் ஏழு சுற்றுச் சுற்றிக் கட்டினார் என் வீட்டுக்காரர். கட்டிவிட்டு டிரம்மைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "இதுல கைய வச்ச..." என்றார். மேலே சொல்லவில்லை. சொன்னால் என்ன, நான் பயந்துவிடுவேனா?

நான் கையே வைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நான் பொய் சொல்லாதவள். ஆனால் இந்த வருஷம் மிகவும் கட்டுப்பாடு. மூன்று டிரம்மை மட்டும்தான் பார்த்தேன். நாலாவது, மூலையில் விறகு அடுக்குக்குப் பின்னால் இருந்தது, கை எட்டவில்லை. அதனாலேயே அதன் மேல் எனக்குக் கவலை. மற்ற மூன்றும் எப்படி இருக்கிறது என்றாவது தெரியும், இது எப்படி இருக்கிறது என்றே தெரியாதே. இருபது நாளாக ஒருத்தி அந்த விறகைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சோறு தின்பாள்? நேற்று முன்தினம் காலையில் விறகை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் பால் வெட்டிவிட்டு வந்து அதைப் பார்த்தார். பாதியில் கோயில் மணி அடித்தது, புதன்கிழமை ஜெபத்துக்குப் போய்விட்டேன்.

வந்து பார்த்தால் விறகு இருக்கிறது, டிரம் இல்லை. அது நின்ற இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும். மற்ற மூன்றும் பத்திரமாக இருக்கிறதா என்று உடனே திறந்து பார்த்தேன். இருந்தது. வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை, ரப்பர் ஷீட் போடப் போயிருக்கிறார்.

எனக்குச் சந்தேகம் யார் மேல் வரும்? நேரே பிலோமி வீட்டுக்குப் போனேன். அவள் மூன்று டிரம் வைத்திருந்தாள், தார்ப்பாய் போட்டு மூடி. பாய் கொஞ்சம் அகலமாகவே இருந்தது.

"எனக்க டிரம்ம எடுத்தியா?" என்றேன்.

"மயினி, அண்ணன் வரட்டும். அண்ணன்கிட்ட கேளுங்க," என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு.

திருட்டைப் பற்றிக் கேட்டால் அண்ணனைக் கேள் என்கிறாள். அண்ணன் என்ன போலீஸா? நான் போலீஸுக்கே போனேன்.

போன வருஷம் எங்கள் ஆடு காணாமல் போனபோதும் அதே ஸ்டேஷனுக்குப் போனேன். முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அப்புறம் ஏட்டு வந்து, "மேயப் போயிருக்கும், வரும்" என்றார். இன்றைக்கு வரைக்கும் மேய்கிறது. இந்தத் தடவையும் அதே பெஞ்ச், அதே ஏட்டு. எஸ்.ஐ. மட்டும் புதுசு, வடக்கத்தி ஆள், சின்ன வயசு.

"என்னம்மா?" என்றார், எதையோ எழுதிக்கொண்டே.

"சார், எனக்க வீட்டுல நாலு டிரம்மு ஊறல் போட்டிருந்தேன். அதுல ஒண்ணக் காணல்ல."

எழுதுகிறது நின்றது. "என்ன போட்டிருந்தீங்க?"

"ஊறல்."

எஸ்.ஐ. ஏட்டைப் பார்த்தார், ஏட்டு என்னைப் பார்த்தார். உடனே எனக்கு ஒரு நாற்காலி வந்தது டீச்சர். இரண்டு நிமிஷத்தில் டீ. ஆட்டுக்கு இல்லாத மரியாதை.

"எத்தனை லிட்டர்மா?"

"லிட்டர் கணக்குத் தெரியாது சார். ஒரு டிரம்முக்கு நூறு கிலோ கெழங்கு."

"எத்தனை நாளா?"

"இண்ணையோட இருவது. நாளையோட பாகமாயிரும்."

"யாருக்குக் குடுப்பீங்க?"

"வெளிய ஒருத்தருக்கும் குடுக்கதில்ல சார். எல்லாம் வீட்டு உபயோகம்தான். தாயி ஒண்ணு. குட்டிய பதினொண்ணு."

"குட்டிகளுக்குமா?" என்றார். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"பாலுகுடி மறந்த பெறகுதான் சார். மொதல்ல கொஞ்சமாட்டுக் குடுத்துப் பழக்கணும். பழகிட்டா பின்னே விடாது."

அவர் தொப்பியை எடுத்து மேசை மேல் வைத்தார். எவ்வளவு பொறுமையாய்க் கேட்கிறார் பாருங்க என்று நினைத்தேன். படித்த ஆள். "வேற யார் போடுறாங்க?" என்று கேட்டார்.

"எனக்க நாத்தி பிலோமி. அவளுக்கு மூணு டிரம்மு உண்டு. கை தேர்ந்தவ. கிறிஸ்மஸுக்கு ஊரே அவகிட்டதான் வாங்கிச்சு." இறைச்சியைத்தான் சொன்னேன். வேறே எதைச் சொல்வேன்?

எல்லாவற்றையும் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன். அப்புறம் என்னை ஜீப்பில் முன்னால் உட்கார வைத்தார்கள். பின்னால் இன்னொரு ஜீப். ஒரு டிரம்மைத் தேட இரண்டு ஜீப்! கோயில் வாசலில் ஜெபக்கூட்டத்துப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் கையை லேசாக வெளியே வைத்துக்கொண்டேன், தெரியட்டும் என்று.

வீட்டில் என் வீட்டுக்காரர் ஷீட்டைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். ஜீப்பையும் பார்த்தார், அதிலிருந்து நான் இறங்குகிறதையும் பார்த்தார். கையிலிருந்த ஷீட் கீழே விழுந்தது.

போலீஸ்காரர்கள் நேரே போய் மூன்று டிரம்மையும் திறந்தார்கள். எனக்கு ஒரு விரல் அளவுக்கு எவ்வளவு கட்டுப்பாடு, அவங்க டியூபைக் கத்தியால் அறுத்தார்கள். ஒரு கம்பை விட்டுக் கிண்டினார்கள். எஸ்.ஐ. குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "ஊறல்தான்" என்றார்.

"ஆமா சார், நான்தான் சொன்னேன்லா," என்றேன்.

"நாலாவது எங்கே?"

"அதத்தான சார் நானும் கேக்கேன்."

அப்போது என் வீட்டுக்காரர் பேசினார். தலையைக் குனிந்துகொண்டு, "நாலாவது எனக்க தங்கச்சி வீட்டுல இருக்கு சார். நான்தான் உருட்டிக் கொண்டு வச்சேன்."

"எதுக்கு? மறைக்கவா?"

"ஆமா சார்."

"யாரிடமிருந்து?"

அவர் கையை நீட்டி என்னைக் காட்டினார். "ஒண்ணாவது மூடிக் கெடக்கட்டும்னு நெனச்சேன்."

கட்டின பெண்டாட்டியைப் போலீஸ் முன்னால் வைத்துக் காட்டிக்கொடுக்கிற ஆளை நீங்க பார்த்திருக்கீங்களா? இதோ, என் வீட்டில் இருக்கிறார்.

பிலோமி வீட்டுக்குப் போய் அவளுடைய மூன்றையும் திறந்தார்கள். நாலாவதில் கத்தி வைக்கப் போனபோதுதான் யாரோ சொல்லி டாக்டர் ஸ்கூட்டரில் பறந்து வந்தது. "சார், நிறுத்துங்க! அது ஊறுகாய்த் தீவனம்!" என்று ஒரே கத்தல். எஸ்.ஐ. பையிலிருந்து தாளை எடுத்து, "இவங்களே ஊறல்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க மேடம்" என்றார். டாக்டர் தானே சான்று எழுதித் தருவதாகச் சொன்னதற்கு, "சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே? நீங்களே எப்படிச் சான்று கொடுப்பீங்க?" என்றுவிட்டார். பேசிப் பேசிக் கடைசியில், திறக்காத நாலாவது டிரம்மிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து, சீல் வைத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறதென்று முடிவாயிற்று. அதுவரைக்கும் ஏழு டிரம்மும் போலீஸ் காவலில். மற்றதெல்லாம் காற்றுப் பட்டாயிற்றாம், பயன்படாதாம். என்னுடைய மூன்றையும் பார்த்து அந்தப் பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டது. நாலாவதைத் திறந்ததும், சொல்லக் கூடாது, நல்ல வாசனை வந்தது. நான் போட்டதுதானே!

போலீஸ் போன பிறகு பிலோமி நடுமுற்றத்தில் நின்று அழுதாள். "நல்லா இருப்பிய மயினி. எனக்க பேரையும் சேத்துச் சொல்லிக் குடுத்திட்டிய."

"நானா?" என்றேன். "நான் எனக்க டிரம்மத் தேடிப் போனேன். ஒனக்க வீட்டுக்கு வந்தது அவிய." டீச்சர், நியாயமாய்ச் சொல்லுங்க. போலீஸுக்கு யாரோ சொல்லியிருக்கணும், இல்லையா? இல்லாமல் ஏழு டிரம் இருக்கிறது அவங்களுக்கு எப்படித் தெரியும்? என் சந்தேகம் அவள்தான். தன் மூன்று டிரம் போனாலும் சரி, என் நாலும் போகணும் என்று.

இன்றைக்குக் காலையில் என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "பாட்டில பிலோமி கொண்டு போட்டும்." எனக்கு வந்ததே கோபம்! அவள் கையில் கொடுத்தால், வழியில் திறந்து பார்க்க மாட்டாள் என்று என்ன நிச்சயம்? பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வாசல் வரைக்கும் பின்னால் வந்தார். "ஞானப்பூ, ஒன்ன மாதாவ நெனச்சுக் கேக்கேன்" என்றார். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் கெஞ்சினது இதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு பாட்டிலுக்காக.

சுங்கான்கடை வந்துவிட்டதா? இன்னும் கொஞ்ச தூரம்தான். ஒரு நிமிஷம், பாட்டில் சரியாக இருக்கிறதா பார்க்கிறேன். துணியை மட்டும் விலக்குகிறேன்.

டீச்சர், இதைத் தொட்டுப் பாருங்க. பாட்டில் உப்பியிருக்கிறது, பார்த்தீங்களா? காலையில் இப்படி இல்லை. கட்டியாய், கல் மாதிரி. டாக்டர் சொன்னது, வெயிலுக்கு உப்பும், பயப்படாதே, தொடாதே என்று. சொல்லிவிட்டு அது ஸ்கூட்டரில் போய்விட்டது. மடியில் வைத்திருக்கிறது நான். வெடித்தால்? வெடித்தால் சீட்டும் சேர்ந்து கிழியும். கிழிந்தால் செல்லாது என்று எஸ்.ஐ. சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் சீட்டுக் கிழியாமல் இருக்க என்ன வழி? உள்ளே இருக்கிற காற்றைக் கொஞ்சம் வெளியே விடணும். ஒரு விரல் அளவுகூட வேண்டாம். நகக்கண் அளவு.

கையைப் பிடிக்காதீங்க டீச்சர். எனக்குத் தெரியும். சீட்டின் ஓரத்தைக் கொண்டை ஊசியால் லேசாக நிமிர்த்தினால் போதும், அப்படியே திரும்ப ஒட்டிவிடலாம். எச்சில் தொட்டால் ஒட்டும். இதோ, நிமிர்ந்துவிட்டது பாருங்க. பாதி. இனி மூடியை இப்படி, மெதுவாக...

அம்மாடி!

ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. சத்தம்தான் பெரிசு. உங்கள் சேலையில் கொஞ்சம்தான் தெறித்தது, துடைத்தால் போய்விடும். சீட்டு... சீட்டு இங்கே எங்கேயாவது விழுந்திருக்கும். காலைத் தூக்குங்க. இதோ. இரண்டு துண்டுதான். எஸ்.ஐ. ஒரு துண்டில் இருக்கிறார், டாக்டர் ஒரு துண்டில்.

ஆனால் மோந்து பாருங்க, என்ன வாசனை! எவனாவது இதைக் கெட்டுப்போனது என்று சொல்லட்டும். நல்ல தோசை மாவு வாசனை. நான் போட்டது டீச்சர், நான் போட்டது.

கண்டக்டர், எதுக்கு ஓய் விசிலை ஊதுகிறீர்? பஸ்ஸுக்குள்ளே என்ன நாற்றமா? ஒரு நாற்றமும் இல்லை. சாராயமா? நாக்கு அழுகிப்போகும். இது ஊறல்! எங்கள் வீட்டு ஊறல்! ஏழு டிரம் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாரும்!

என்ன எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்? வண்டியை எதுக்கு ஓரம் கட்டுகிறார்?

டீச்சர், எங்கே எழும்புகிறீங்க? நாகர்கோவில் இன்னும் வரவில்லையே. உட்காருங்க. இதன் வாசனை எப்படி இருக்கும் என்று நீங்கதானே கேட்டீங்க? வாயால் கேட்கவில்லை, முகத்தால் கேட்டீங்க. இல்லாவிட்டால் நான் ஏன் திறக்கப் போகிறேன்? இருபது நாளாக அதைத் தொடாதவள் நான். சரி, போகிறதென்றால் போங்க. ஆனால் ஆய்வுக்கூடத்தில் கேட்பாங்க, ஸ்டேஷனில் கேட்பாங்க, என் வீட்டுக்காரர் கேட்பார், பஸ்ஸில் திறக்கச் சொன்ன டீச்சர் யார் என்று. நான் என்ன சொல்வது?

உங்க பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போங்க.